தொட்டி வளைவு

வசந்த காலப் பந்தயத்துக்குப் பிறகு சபின் தன் இடது காலை நம்புவதில்லை. ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வலது கால் வேகத்துக்கு, இடது கால் பிரேக்குக்கு. வேகம் கொடுக்கிற கால் அவனை ஒருநாளும் கைவிட்டதில்லை. நிறுத்த வேண்டிய கால்தான் கைவிட்டது. இதே ஓடுதளத்தில், முதல் சுற்றிலேயே, தொட்டி வளைவில்.

நேர்பாதை முடிந்து, இறக்கத்தில் சட்டென்று இடப்பக்கம் திரும்பும் இடம் அது. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி மாதிரி நடுவில் பள்ளம் விழுந்திருப்பதால் அந்தப் பெயர். அன்றைக்குப் பிரேக்கை மிதித்தான். கார் பிடித்தது. பிறகு பிடிக்கவில்லை. அவ்வளவுதான் அவனுக்கு ஞாபகம். கண் திறந்தபோது டயர்ச் சுவருக்குள் கிடந்தான். விலா எலும்புகள் முறிந்திருந்தன. காரின் மூக்குப் பகுதி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

பொறியாளர் ஒவிதியு கணினியில் கோடுகளைக் காட்டினான். பிரேக் அழுத்தத்தின் கோடு மேலே ஏறி, நட்டநடுவில் செங்குத்தாக விழுந்திருந்தது.

"மெஷின் பொய் சொல்லாது சபின். நீ கால எடுத்துட்ட," என்றான். அதை அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

அப்போது மெக்கானிக் நெலு குறுக்கே வந்தார். "அவன் எடுத்திருக்க மாட்டான். நான்தான் பெடல சரியாத் துடைக்காம விட்டிருப்பேன். கிரீஸ் ஒட்டியிருக்கும்," என்றார்.

நெலு சாப்பாட்டுக் கரண்டியைக்கூட இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அவர் பொய் சொல்கிறார் என்று சபினுக்குத் தெரிந்தது. அணியின் முதலாளிக்குத் தெரியவில்லை. நெலுவை எஞ்சின் வேலையிலிருந்து எடுத்து, டயர் உருட்டவும் தரை கழுவவும் விட்டார். சபின் வாய் திறக்கவில்லை. பயத்தோடு இந்த வெட்கமும் அன்றிலிருந்து அவனோடு காரில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ருமேனியாவின் பக்காவ் நகரில், மூடிப்போன ஆலை ஒன்றின் முற்றத்தில் 'கார்ட்' என்கிற குட்டிப் பந்தய வண்டியை ஓட்டிப் பழகியவன் சபின். ஹங்கேரி, ஆஸ்திரியா, இத்தாலி என்று போய் இரண்டு முறை பரிசு மேடை ஏறியிருக்கிறான். "ருமேனியாவுல இருந்து வந்த ரேஸ்காரனா? அங்க ரோடே கிடையாதுன்னாங்களே!" என்று சிரித்தவர்களையெல்லாம் முந்தியிருக்கிறான். ஆனால் இந்தக் கோடை முழுக்க எல்லா வளைவுக்கும் முன்கூட்டியே பிரேக் பிடித்தான். கால் மறுபடி போய்விடுமோ, மறுபடி போய்விடுமோ என்று. பத்தாவதாக வந்தான், கடைசிக்கு முந்தியவனாக வந்தான்.

இன்று பருவத்தின் கடைசிப் பந்தயம். அதே ஓடுதளம். இன்றும் கால் கைவிட்டால் தலைக்கவசத்தை அம்மா வீட்டுப் பரணில் போட்டுவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தான். ஆனால் அந்த வளைவில் கால் கைவிட்டால் பரண் ஏற ஆள் மிஞ்சுமா என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

"ஷூ கயித்த எத்தன வாட்டிடா கட்டுவ?" நெலு டயரை உருட்டிக்கொண்டே கேட்டார். "பொண்ணு பாக்கவா போற?"

"இறுக்கமா இல்லண்ணே."

"கை நடுங்குனா கயிறு எப்படி இறுகும்? கொண்டா." அவர் குனிந்து முடிச்சுப் போட்டார்.

அடுத்த அணியின் கொட்டகையிலிருந்து பாலிந்த் எட்டிப் பார்த்தான். இந்தப் பருவத்தில் முன்னணியில் இருப்பவன். "சபின்! தொட்டிகிட்ட வர்றப்போ சொல்லிடு, நான் ஒதுங்கிக்கறேன். டயருக்கு முத்தம் குடுக்கறவன் வழியில நான் ஏன் நிக்கணும்?"

"நீ முன்னாடி போனாத்தானடா ஒதுங்கணும்!" என்று நெலு பதிலுக்குக் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். சபினும் சிரித்தான்.

அம்மா சாவேத்தா வந்துவிட்டாள். கையில் பெரிய பாத்திரம் நிறைய முட்டைக்கோஸ் சுருள், மெக்கானிக்குகளுக்கு. பின்னால் ஊர்க் கோயில் பாதிரியார் பஹோமியே, தன் பழைய காரிலிருந்து மெதுவாக இறங்கினார். வெளிநாட்டுப் பந்தயங்களுக்கு அவர் வருவதில்லை. உள்ளூர் ஓடுதளத்தில் ஓடும்போது மட்டும் அம்மா அவரை விடமாட்டாள். புதுக் கார் வாங்கினாலே தீர்த்தம் தெளிக்காமல் சாவி போடாத சனங்கள். இப்படிப் பறக்கிற காரைச் சும்மா விடுவார்களா?

கொட்டகையில் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். தலை குனிந்து, கண்மூடி, சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். கணினியை மட்டுமே நம்புகிறவன் என்று பேர் வாங்கிய ஒவிதியுவும் கண்ணை மூடிக்கொண்டான். பாதிரியாரின் கரகரத்த குரல் ஜெபத்தைப் பாடியது. திருநீற்றுப்பச்சிலைக் கொத்து தீர்த்தச் செம்பில் முங்கி எழும் சத்தம் கேட்டது. அந்த வாசனை பெட்ரோல் நெடிக்கு நடுவே வந்து சபினின் மூக்கில் ஏறியது.

"ஆண்டவரே, இரக்கமாயிரும்," என்று அவனும் முணுமுணுத்தான். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அம்மா பாதிரியாரிடம் ஏதோ கிசுகிசுத்தாள். யாரும் கண் திறந்து பார்க்கவில்லை. ஜெபத்தின் நடுவில் கண் திறப்பது மரியாதை இல்லை.

நெலு அவன் காலணியின் அடிப்பகுதியைத் துணியால் துடைத்து, காருக்குள் இறக்கிவிட்டு, வாரை இழுத்துக் கட்டினார். காரின் மூக்கில், பெடல்களுக்கு மேலே, அதுவரை திறந்து கிடந்த சின்ன மூடியை அழுத்திப் பூட்டினார். அம்மா தலைக்கவசத்தின் மேல் முத்தமிட்டாள். அவள் உதடு அசைவதுதான் தெரிந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

பந்தயம் தொடங்குமுன் எல்லாக் கார்களும் வரிசையாக ஒரு சுற்று மெதுவாகப் போய்வர வேண்டும். டயரும் பிரேக்கும் சூடேற வேண்டும் என்பதற்காக. மற்றவர்கள் அந்தச் சுற்றில் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவார்கள். வசந்தத்தில் சபினும் அப்படித்தான் செய்தான். இன்றைக்குப் பயம் அவனை விடவில்லை. தொட்டி தெரிந்ததுமே நெஞ்சு காதுக்குள் அடிக்க ஆரம்பித்தது. இப்போதே பார்த்துவிடு, இப்போதே பார்த்துவிடு என்று ஏதோ உள்ளிருந்து நச்சரித்தது. முன்னால் போகிற காருக்கு இடைவெளி விட்டு, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இடது காலால் ஓங்கி மிதித்தான்.

கார் பிடித்தது. பிறகு பிடிக்கவில்லை.

மெதுவாகப் போனதால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் உடம்பு முழுக்கச் சில்லிட்டுப் போயிற்று. மறுபடியும். மறுபடியும் கால் எடுத்துவிட்டது. கண்ணில் நீர் முட்டியது. தலைக்கவசத்துக்குள் அதைத் துடைக்கவும் வழியில்லை. அடுத்த வளைவில் வெறி வந்தவன்போல இன்னொரு முறை மிதித்தான். இந்த முறை அவனால் கவனிக்க முடிந்தது. கால் பின்வாங்கவில்லை. கால் முன்னாலேயேதான் போயிற்று. பெடலின் விளிம்புவரை வழுக்கிப் போய், நழுவி, அப்பால் விழுந்தது.

காரை வரிசையில் தன் இடத்தில் நிறுத்தினான். முன்னால் சிவப்பு விளக்குகள். இன்னும் சில நொடிகளில் எரியத் தொடங்கிவிடும். கையைத் தூக்கினால் காரைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கொட்டகைகளுக்கு முன்னால் ஓடும் பிட் பாதையிலிருந்து எல்லோருக்கும் கடைசியாகத்தான் புறப்பட முடியும். அது போகட்டும். பார்வையாளர் மேடைகளில் இருக்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். பாலிந்த் பார்ப்பான். ஒவிதியு அந்தக் கோபமில்லாத குரலில் ஏதாவது சொல்வான். பயந்துட்டான், பாவம்.

பயந்துதான் போயிருந்தான். சபின் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

காதுக்குள் ஒவிதியுவின் குரல் வெடித்தது. "என்ன ஆச்சு? இங்க எல்லாம் நல்லாத்தானே காட்டுது! சபின், என்ன ஆச்சு?"

"கால் வழுக்குது."

அந்தக் கோபமில்லாத குரல் திரும்பி வந்தது. "...சரி. தள்ளச் சொல்றேன்." அவன் என்ன நினைக்கிறான் என்று சபினுக்குத் தெரியும்.

பிட் பாதையில் நெலுதான் முதலில் ஓடிவந்தார். மூச்சு இரைத்தது. "எங்கடா?"

"பெடல்ண்ணே. பிரேக் பெடல். சத்தியமா நான் கால எடுக்கலண்ணே."

"நீ எடுத்தன்னு நான் எப்படா சொன்னேன்?"

நெலு மூடியைத் திறந்து, முழங்கைவரை கையை உள்ளே விட்டார். கை வெளியே வந்தபோது விரல்கள் பளபளத்தன. நடுவிரலில் ஒரு பச்சை இலை ஒட்டியிருந்தது. அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். முகம் அப்படியே நின்றுவிட்டது.

சபினுக்கும் வாசனை வந்தது. வசந்த காலத்தில், அந்த விபத்துக்கு முன்னாலும் இதே வாசனை இருந்தது.

இருவரும் ஒரே சமயத்தில் வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பக்கத்தில் பாதிரியார், கழுத்துச் சிலுவையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு. இருவர் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன.

"நெலு! என்ன இருக்கு? சொல்லுங்க!" ஒவிதியு கொட்டகையிலிருந்து கத்தினான்.

ஒரு வார்த்தை போதும். தன்மேல் விழுந்திருந்த பழி போய்விடும். எஞ்சின் வேலை திரும்பக் கிடைத்துவிடும். நெலு அந்த இலையைச் சட்டைப் பைக்குள் பத்திரமாகப் போட்டுக்கொண்டார்.

"ஈரம்!" என்று கத்தினார். "துடைச்சுடறேன், ஒண்ணுமில்ல!"

தன் தொப்பியைக் கழற்றி, அதாலேயே பெடல்களைத் துடைத்தார். கையை இன்னும் உள்ளே விட்டு, சபினின் இரண்டு காலணிகளையும், குழந்தைக்குக் கால் துடைப்பதுபோல, அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்கண்ணே," என்றான் சபின்.

"எதைடா சொல்ல? போ. வழுக்காது. பயமா இருந்தாலும் போ."

பந்தயம் அவன் இல்லாமலே தொடங்கியிருந்தது. கடைசிக் கார் கடந்து போனதும் பிட் பாதையின் விளக்கு பச்சையானது. நேர்பாதை முடிந்தது. தொட்டி எதிரே வாயைப் பிளந்துகொண்டு வந்தது. பயம் குறையவே இல்லை. விலா எலும்புகள் பழைய இடத்தில் வலித்தன. ஆண்டவரே, இரக்கமாயிரும். கோடை முழுக்கப் பிரேக் பிடித்த இடம் கடந்து போயிற்று. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். மிதித்தான்.

கால் நின்றது.

ஏழாவதாக வந்தான். காரிலிருந்து இறங்கினான். முதல் வேலையாக சபின் முதலாளியிடம் போனான். "வசந்தத்துல நடந்ததுக்கு நெலு அண்ணன் காரணம் இல்ல. எனக்கு இப்ப நிச்சயமாத் தெரியும். எப்படின்னு மட்டும் கேக்காதீங்க. அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லல," என்றான். முதலாளி அவனையும் நெலுவையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி," என்றார்.

அம்மா அழுதுகொண்டே அவன் கன்னங்களைப் பிடித்தாள். "பாத்தியா? தேவமாதா காப்பாத்துனா! எப்பவும் போல நான்தான் சாமிகிட்ட சொன்னேன், கால் வைக்கிற எடத்துல நல்லா ஊத்துங்க, எம்புள்ளைக்கு கால்லதான் ஆபத்துன்னு."

"ஆமாம்மா," என்றான் சபின். "காப்பாத்துனா."

பாதிரியார் நெலுவின் கையிலிருந்த, நனைந்து கசங்கிய தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். நெலு அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

அடுத்த வசந்தத்தில் பாதிரியார் மறுபடி வந்தார். கொட்டகையில் எல்லோரும் தலை குனிந்தார்கள். "உள்ள, சாமி, கால் வைக்கிற எடத்துல," என்று அம்மா கிசுகிசுத்தாள். அவர் அவள் சொன்னபடியே தெளித்தார். சபின் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்; தொட்டியைப் பற்றிய பயம் இன்னும் போகவில்லை. ஜெபம் முடிந்து கண் திறந்தபோது, பாதிரியார் தன் பையிலிருந்து, ஓரத்தில் சிவப்பு நூல் வேலை செய்த வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்தார். நெலுவிடம் நீட்டினார்.

நெலு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பெடல் மூடியைத் திறந்தார்.