ஓர்பா ஆக்கித் தின்ற கீரை

ஓர்பாவின் முற்றத்தைப் போலச் சுத்தமான முற்றம் எங்கள் நுனுமெத்தோ ஊரில் வேறு கிடையாது. தேவாலய வாசலில்கூட நாலு சருகு கிடக்கும். அவள் வாசலில் கிடக்காது. விடிந்ததும் ஒரு தரம், மாடு திரும்புகிற நேரத்துக்கு ஒரு தரம் என்று ஈர்க்கு விளக்குமாறால் பெருக்கித் தள்ளிவிடுவாள். கோழிகூட அங்கே கால் வைக்க யோசிக்கும். யாருக்காக இந்தப் பெருக்கல் என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்பானேன், தெரிந்த கதைதானே. மலேசியாவுக்கு எண்ணெய்ப்பனைத் தோட்டத்து வேலைக்குப் போன அவள் புருஷன் சிம்சோன் என்றைக்காவது பையைத் தூக்கிக்கொண்டு வேலிப் படலைத் திறப்பான். திறக்கும்போது முற்றம் குப்பையாகக் கிடக்கக்கூடாது.

அவன் போனது கூரைத் தகரத்துக்காக. செங்கல் சுவர் எழுப்பி, ஜன்னலுக்கு இடம் விட்டு, அதோடு கை வறண்டு கிளம்பியவன். அந்தச் சுவர்களுக்குள்ளே இப்போது ஒரு பப்பாளி மரம் நிற்கிறது. காய்க்கிறது, பழுக்கிறது, பறவை கொத்துகிறது. ஓர்பாவோ பின்னால் இருக்கிற பழைய வட்டக் குடிசையில், தலைக்கு மேலே சோளக்கதிர்கள் அடுப்புப் புகையில் காய, காலத்தைத் தள்ளுகிறாள். ஒரே மகள் கல்யாணமாகி கூப்பாங் பட்டணத்தில் இருக்கிறாள்.

"கூரை வரும்னு பாத்தா பழம் வந்துருச்சு" என்று வேலிக்கு அந்தப் பக்கத்து தோர்சே சொல்லாத வாரமில்லை. தோர்சேயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் எந்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது, வேகவைக்கிறவளுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

மழைக்கு முந்தின மாதத்தில் யெர்மியாஸ் மோட்டார் பைக்கில் வந்து இறங்கினார். சோயே பட்டணத்து ஆள். மரம் வளர்க்கிற அமைப்பு ஒன்றின் பயிற்சியாளர். ஆள் வருவதற்குள் தொப்பை முன்னால் வந்துவிடும். ஊர் சேர்ந்து மரம் நட்டால் ஊருக்கே வருமானம் என்று ஆரம்பித்து, என்ன மரம் என்று சொன்னார் பாருங்கள். சந்தனம்!

பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் எழுந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சந்தனம் மரமில்லை, வில்லங்கம். அப்பன் காலத்தில் அது யார் கொல்லையில் முளைத்தாலும் சர்க்காருக்குச் சொந்தம். மாடு கடித்தாலும் விசாரணை, காற்றில் சாய்ந்தாலும் விசாரணை. அதனால் எங்காவது ஒரு கன்று தலைகாட்டினால், பாம்புக்குட்டியைக் கண்ட மாதிரி, அடுத்தவன் பார்ப்பதற்குள் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடுவது வழக்கம். சிம்சோன் அதில் கைதேர்ந்தவன். கால் தேர்ந்தவன் என்று சொல்ல வேண்டும். குனியக்கூட மாட்டான், பெருவிரலைக் கொடுத்து ஒரு நெம்பு, அவ்வளவுதான்.

கோர்னெலிஸ் மாமாதான் முதலில் கேட்டார். "தம்பி, நடுறது நாங்க, வளக்குறது நாங்க, கடைசியில ஜெயிலுக்குப் போறதும் நாங்கதானா?"

"அந்தச் சட்டமெல்லாம் போயிருச்சு மாமா. உங்க நெலத்துல நீங்க நட்டா அது உங்களுக்குத்தான்."

"சட்டம் போயிருச்சு, சரி. சட்டம் போட்டவனுங்க போயிட்டானுங்களா?"

யெர்மியாஸ் அதற்குள் நாங்கள் பாக்கோடு மெல்ல நீட்டிய வெற்றிலைக்கொடிக் காயில் சுண்ணாம்பு கூடுதலாகித் தலைகால் புரியாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் வழிய அவர் தண்ணீர் கேட்ட அழகைப் பார்த்துத்தான் பலபேர் மனசு இளகிச் சேர்ந்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஓர்பா மட்டும் அதற்கு முன்பே கையைத் தூக்கிவிட்டாள். இங்கேயே வருமானம் வந்தால் அங்கே அவருக்கு என்ன வேலை? அவள் கணக்கு அதுதான். சந்தனத்தில் வாசம் தருகிற வயிரம் ஏற ஒரு தலைமுறை ஆகும் என்று யெர்மியாஸ் சொன்னது அவள் காதில் விழுந்தது, மனதுக்குப் போகவில்லை.

இரண்டாம் முறை பயிற்சி தேவாலயத்துக்குப் பக்கத்திலிருந்த ஆலமரத்தடியில் நடந்தது. யெர்மியாஸ் ஒரு கன்றைப் பையோடு தூக்கிப் பிடித்து, "இப்ப சொல்லப்போறதுதான் முக்கியம், எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க" என்றார். ஓர்பாவின் போன் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. சிம்சோன் கூப்பிடுவதானால் ஆராதனை முடிந்த பிறகுதான் கூப்பிடுவான். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற பாறை மேல் ஏறினால்தான் குரல் தெளிவாகக் கேட்கும் என்பதால் எங்கள் ஊரின் இன்ப துன்பம் எல்லாம் அந்தப் பாறையில்தான். ஓர்பா கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். எல்லாத் தலையும் அவள் பின்னாலேயே திரும்பியது. ஆனால் காதை யெர்மியாஸிடம் விட்டுவைத்திருந்தோம். அந்த விஷயத்தில் நாங்கள் பழகினவர்கள்.

"ஏங்க இன்னிக்கு? ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. இங்க மழை. வேலை இல்ல. சும்மா கூப்பிட்டேன்."

சும்மா கூப்பிட்டேன். இந்தச் சொல்லை மட்டும் அவள் பல நாள் வாயில் அதக்கி வைத்திருந்தாள்.

"அங்க என்ன கூட்டமாட்டம் சத்தம் கேக்குது?"

"சந்தனம் நடச் சொல்லித் தர்றாங்க. நானும் சேந்திருக்கேன்."

அவன் இருமல் வரும் வரைக்கும் சிரித்தான். "சந்தனமா! நான் காலாலேயே பிடுங்குன எடத்துலயா?"

"சிரிக்காதீங்க. இங்கேயே வருமானம் வந்துருச்சுன்னா அப்புறம் அங்க என்ன இருக்கு உங்களுக்கு?"

அந்தப் பக்கம் தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டது. அடுத்தவன் கூரைத் தகரம். அவன் சொன்னான்: "மொதல்ல பொழைக்கட்டும் பாப்போம். அது பொழைச்சிருச்சுன்னா நான் வந்துடறேன், போ."

விளையாட்டாகச் சொன்னான். விளையாட்டு என்று அவளுக்கும் தெரியும். ஆனால் போனதிலிருந்து அவன் வாயில் 'வந்துடறேன்' என்ற சொல்லே வந்ததில்லை. வந்த சொல்லைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

இறங்கி வந்தபோது பயிற்சி முடிந்து எல்லோரும் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள்.

"என்னவாம்?" என்றாள் தோர்சே.

"மழையாம்."

"மழையச் சொல்லவா மலேசியாவுலேருந்து கூப்புடுவாங்க?"

ஓர்பா ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். தோர்சேக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கன்றுகள் வந்தன. படலைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, பெருக்கிப் பெருக்கி வழவழப்பான அந்த முற்றத்திலேயே ஓர்பா குழி எடுத்தாள். ஒவ்வொரு பையிலும் சந்தனக் கன்றின் காலடியில் பொன்னாங்கண்ணி மாதிரி ஒரு கீரை மண்டிக்கிடந்தது. பட்டணத்து ஆளுக்குக் களை எடுக்கத் தெரியவில்லையே என்று அவளுக்கே கூச்சமாகப் போயிற்று. ஒரு இணுக்கு விடாமல் பறித்தாள். தூக்கி எறிய மனமில்லாமல் இடித்த சோளத்தோடும் பயறோடும் போட்டு ஆக்கித் தின்றாள். ருசியாகவே இருந்ததாம்.

மழை நன்றாகப் பெய்தது. மற்றவர்கள் கன்றெல்லாம் தளதளவென்று எழ, ஓர்பாவின் கன்று ஒவ்வொன்றாக மஞ்சளித்தது. அவள் இன்னும் சுத்தமாகக் களை எடுத்தாள். புல் தலைதூக்குவதற்குள் கிள்ளினாள். சாணம் போட்டாள். இலை உதிர்ந்தது. உதிர்ந்த இலையையும் பெருக்கினாள். கடைசியில் வேலி முழுக்கப் போர்வையைத் தொங்கவிட்டு மறைத்தாள்.

"மழை மாசத்துல தெனமும் போர்வை காயப்போடறவ இவ ஒருத்திதான்" என்று தோர்சே ஊரெல்லாம் சொல்லிவைக்க, யெர்மியாஸ் ஒவ்வொரு கொல்லையாகப் பார்க்க வந்த அன்று அவர் பின்னாலேயே நாங்களும் போய்விட்டோம்.

அவர் குனிந்து ஒரு கன்றைத் தொட்டுப் பார்த்தார். "கூட இருந்த செடி எங்கக்கா?"

"எந்தச் செடி?"

"பையிலயே இருந்துச்சே. கீரையாட்டம்."

"அதுவா? அதை ஆக்கித் தின்னுட்டேனே."

சிரித்தோம் பாருங்கள், தோர்சே படலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். யெர்மியாஸ் மட்டும் சிரிக்காமல், அன்று ஆலமரத்தடியில் சொன்னதை மறுபடி சொன்னார். சந்தனத்தின் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்துத்தான் பால் குடிக்கும். சின்னதில் அந்தக் கீரை, கொஞ்சம் வளர்ந்தால் மிளகாய், அதற்கப்புறம் அகத்தி. அவையும் வீண் போகாது, சந்தையில் காசாகும். ஆனால் பக்கத்தில் ஒன்றும் இல்லாமல் விட்டால், எவ்வளவு மழை பெய்தாலும் சந்தனம் பசியில் செத்துவிடும்.

"இவ புருஷன் பக்கத்துல இல்லாமயே இருந்து பழகிட்டா" என்றாள் ஒருத்தி. "செடியையும் அப்படியே பழக்கப் பாத்திருக்கா."

அதற்கும் சிரித்தோம். ஓர்பாவும் சிரித்தாள். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

"வேற கன்னு இருக்கா தம்பி?"

"எல்லாம் பங்கு போட்டுக் குடுத்தாச்சேக்கா. அடுத்த விதை காய்ச்சு, முளைச்சு..."

அன்று பொழுது சாயும் முன் ஓர்பா வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு தோர்சே வீட்டுக்குப் போனாள். சும்மா எட்டிப் பார்க்கிறவள் பெட்டியோடு வந்தால் காரியமாக வந்திருக்கிறாள் என்று அர்த்தம். தோர்சேயின் பங்குக் கன்றில் பாதி, நடச் சோம்பல்பட்டு, இன்னும் கூரை இறவாணத்துக்குக் கீழேயே நின்றது. காலடியில் கீரை வழிந்தது.

"தர்றேன்க்கா" என்றாள் தோர்சே, பாக்கைக் கடித்தபடி. "காசெல்லாம் வேணாம், நீயும் நானும் அந்நியமா? அன்னிக்குப் பாறை மேல அவரு என்ன சொன்னாரு? அதை மட்டும் சொல்லிரு."

ஓர்பா சுண்ணாம்புச் சிமிழைத் திறந்து திறந்து மூடினாள். இவளிடம் சொன்னால் அது ஊர்ச்சொல்லாகிவிடும். ஆளுக்கு ஆள் தொட்டுப் பார்ப்பார்கள், அழுக்காக்குவார்கள். சொல்லாமல் வைத்திருந்தால் சொல் இருக்கும், செடி இருக்காது.

சொல்லிவிட்டாள். "செடி பொழைச்சா வந்துடறேன்னாரு."

தோர்சே கடித்துக்கொண்டிருந்த பாக்கை வெளியே துப்பினாள். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ" என்றாள். மடியில் கட்டி அவளே இரண்டு நடை தூக்கிவந்தாள்.

அடுத்த ஆராதனைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது என்பதைச் சொல்ல வேண்டுமா? அதற்குப் பிறகு நாங்கள் நடந்துகொண்டதை அன்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிம்சோன் வருவானா மாட்டானா என்று பார்க்கிற ஆசை. அவ்வளவுதான். கோர்னெலிஸ் மாமா அகத்தி விதை கொண்டுவந்தார். ஒருத்தி மிளகாய் நாற்று. மாடு அந்த வேலிப் பக்கம் திரும்பினால் மேய்க்கிறவனுக்கு நாலு திசையிலிருந்தும் வசவு. இரண்டு பேர் பன்றிக்குட்டியை வைத்துப் பந்தயம் கட்டியிருந்தார்கள். 'மாட்டான்' பக்கம் கட்டினவன்கூடக் கோடையில் ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றினான்.

ஓர்பாவுக்குத் தண்ணீர் சுமப்பது கஷ்டமில்லை. விளக்குமாறுதான் கஷ்டம். முற்றத்தில் புல் வர விடவேண்டும் என்று யெர்மியாஸ் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் முற்றத்தில் புல் முளைத்தால் அந்த வீட்டில் ஆளில்லை என்று பொருள்; இல்லை, ஆள் வருவதற்கில்லை என்று பொருள். விடிந்ததும் விளக்குமாறை எடுப்பாள். வாசலில் நிற்பாள். திரும்பக் கொண்டுபோய்ச் சாத்துவாள். அகத்தி தோளுக்கு மேல் போயிற்று. மிளகாய் சிவந்தது. படலிலிருந்து கதவுக்கு வருகிற வழி புல்லுக்குள் இருக்கிற இடம் தெரியாமல் போயிற்று. அவர் வந்தால் எதை மிதித்து வருவார் என்று ஒருநாள் தோர்சேயிடம் கேட்டாளாம். "வர்றவன் பறந்தா வரப்போறான், மிதிச்சுக்கிட்டு வரட்டும்" என்றாளாம் தோர்சே.

கோடை போய் மறுபடி மழை பிடித்தபோது யெர்மியாஸ் வந்து கன்றின் தண்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "இனிமே சாகாதுக்கா."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஆளுக்கொரு வேலை வந்துவிட்டது, எல்லாம் பாறைக்குப் பக்கத்திலேயே. ஓர்பா மேலே ஏறினாள்.

"பொழைச்சிருச்சுங்க."

"யாரு? யாருக்கு என்ன?"

"செடிங்க."

"எந்தச் செடி?"

அவள் அப்படியே பாறையில் உட்கார்ந்துகொண்டாள். "சந்தனம். நீங்க சொன்னீங்களே."

இன்றைக்கு அந்தப் பக்கம் மழைச் சத்தம்கூட இல்லை.

"எவ்வளவு ஒசரம்?" என்றான் பிறகு. குரல் மாறியிருந்தது.

"என் முட்டிக்கு மேல."

"அப்ப காலால நெம்பினா வராது."

"வராது."

"வாசம் வருதா?"

"வாசம் வர்றதுக்கு இருவது வருஷம் ஆவும்னு சொல்லித் தர்றவரு சொல்றாரு." கேட்கக்கூடாது என்றிருந்தவள் கேட்டுவிட்டாள். "அம்புட்டு நாள் கழிச்சா வரப்போறீங்க?"

அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். "ஓர்பா, நான்..." என்பது வரை கேட்டது. அதற்குமேல் காற்றுதான் கேட்டது. மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்த்தாள். பாறையின் ஓரத்துக்குப் போய், கையை உயரத் தூக்கிப் பார்த்தாள்.

இறங்கி வந்தவளைத் தோர்சே மறித்தாள். "என்னக்கா சொன்னாரு?"

"வாசம் வருதான்னு கேட்டாரு."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பன்றிக்குட்டி யாருக்குச் சேரும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"கேட்டாரில்ல" என்றாள் தோர்சே மெதுவாக. "மனசு இல்லாதவனா கேப்பான்?"

சாயங்காலம் நாங்கள் அந்த வேலிப் பக்கம் சும்மாதான் போனோம். இடுக்கு வழியாகத் தெரிந்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? ஓர்பா முற்றத்தில் குந்தியிருந்தாள். சந்தனத்தைத் தொடவில்லை, அகத்தியைத் தொடவில்லை, மிளகாயைத் தொடவில்லை. படலிலிருந்து கதவு வரைக்கும், ஒரு ஆள் பையோடு நடக்கிற அகலத்துக்கு மட்டும், கையாலேயே புல்லைப் பறித்துக்கொண்டு வந்தாள். பறித்து முடித்து எழுந்து, விளக்குமாறை எடுத்து, அந்த ஒற்றை வழியை மட்டும் பெருக்கினாள்.

தன் பக்கத்து வேலியிலிருந்து இதைப் பார்த்த தோர்சே இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் பார்த்ததால்தான் தெரியும்.