துரத்துகிறவள் என்று கூப்பிட்டார்கள்

தீவு நகரமான லெர்விக்கின் நீதிமன்றத்தில் குமாஸ்தா, "பர்சூவர், ரோனா ஐஸ்பிஸ்டர்!" என்று கூப்பிட்டபோது ரோனா உடனே எழவில்லை. வழக்குப் போட்டவருக்கு ஸ்காட்லாந்தில் அதுதான் பெயர். வெறும் சொல்லாக எடுத்தால், துரத்துகிறவள்.

பின் வரிசையில் கில்பர்ட் சிரித்தான். "கேட்டியாடி? கோர்ட்டே சொல்லுது, துரத்துறவ நீதான். நான் பாவம், டிஃபெண்டர், தற்காத்துக்கறவன்."

கில்பர்ட்டோடு அவள் நான்கு வருடம் குடித்தனம் நடத்தினாள். விட்டுவந்த நாளிலிருந்து இரண்டு வருடமாக அவனது வெள்ளை வேன் மீன் ஆலை வாசலில் நின்றது. கடையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு அவளுக்குப் பின்னாலேயே வரிசையில் நின்றான். வடக்கே அடுத்த தீவிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போனால் அடுத்த படகில் வந்து இறங்கினான். தொட்டதில்லை, திட்டினதில்லை. "கடைக்கு வர்றது குத்தமாம்மா?" என்று போலீஸ்காரர் கேட்டார். தீவில் பாதி வேன்கள் வெள்ளை. ஒவ்வொன்றுக்கும் அவள் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. சோறு இறங்கவில்லை, தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. தொல்லை கொடுப்பவனைத் தடுக்கப் புதிதாக ஒரு சட்டம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் வழக்குக்கே வந்தாள்.

அன்று சாட்சிக் கூண்டில் ஏறியவள் பெயரை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். நீதிபதி மதியம் வரை ஒத்திவைத்தார்.

வெளியே வந்ததும் ரோனா தன் வக்கீல் பார்பரா லீஸ்க்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பேரை மாத்த முடியாதா மேடம்?"

"பழைய வார்த்தைம்மா. லத்தீன்ல முன்னால போறதைப் பின்தொடர்றதுன்னு அர்த்தம். பிரெஞ்சுக்காரன் வாயில உருமாறி நம்மகிட்ட வந்துச்சு. வேட்டை நாய் ஓடுறதும் அதுதான், நியாயம் கேட்டு வழக்காடுறதும் அதுதான், ஒருத்தரைப் போட்டு வதைக்கிறதுக்கும் ஒரு காலத்துல அதையே சொன்னாங்க."

"பொண்ணு பின்னால சுத்துறது?"

"அதுவும்தான்."

"ஆமா. ஆரம்பத்துல ஊரே அவனை அப்படித்தான் மெச்சிச்சு. விடாம பின்னாலயே போய்ப் பிடிச்சுட்டான்னு. நானும் பெருமையா சிரிச்சேன். அவனுக்கும் எனக்கும் ஒரே வார்த்தைன்னா நான் எங்க போய்ச் சொல்றது?"

வக்கீல் தேநீர் வாங்கப் போன நேரத்தில் ரோனா காரை எடுத்துவிட்டாள். வழக்கும் வேண்டாம், ஊரும் வேண்டாம். தெற்கே விமான நிலையத்துக்கு ஒரே சாலை. ஊர் எல்லை தாண்டியதுமே பின்புறம் காட்டும் கண்ணாடியில் வெள்ளை வேன் தெரிந்தது.

அவள் அழுதாள், கத்தினாள். பிறகு சாலையோர ஒதுங்கிடம் ஒன்றில் சடாரென்று நிறுத்தினாள். கில்பர்ட் கை காட்டிச் சிரித்தபடி கடந்துபோய், கொஞ்ச தூரத்தில் வேனைத் திருப்பி ஊர்ப் பக்கமாக வந்தான். அவன் தன்னைத் தாண்டியதும் ரோனா காரைத் திருப்பி அவனுக்குப் பின்னால் விட்டாள். அவன் வேகமெடுத்தால் அவளும் எடுத்தாள், ஓரம் கட்டினால் பின்னாலேயே நின்றாள். அவனுடைய பக்கக் கண்ணாடியில் அவன் கண்கள் விரிந்ததைப் பார்த்தாள். நீதிமன்ற வாசல் வரை விடவில்லை.

மதியம் நீதிபதி உட்காரும் முன்பே கில்பர்ட் எழுந்துவிட்டான். "ஐயா, இவ என்னைக் கொல்ல வந்தா! ஏர்போர்ட் ரோட்டுல வேனை ஒட்டியே துரத்திட்டு வந்தா!"

"எவ்வளவு நேரம்?"

"கால் மணி நேரம் இருக்கும்."

"பயந்துட்டீங்களா?"

"பயம் வராதா ஐயா? என்ன செய்வாளோன்னு கண்ணாடியையே பாத்துட்டு வந்தேன்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க எதுக்கு அந்த ரோட்டுக்குப் போனீங்க?"

கில்பர்ட் உட்கார்ந்துவிட்டான்.

"அந்தம்மா ரெண்டு வருஷமா இதைத்தான் சொல்றாங்க," என்றார் நீதிபதி. பிறகு ரோனா பக்கம் திரும்பி, "நீங்க பண்ணதும் தப்பு. யாராவது செத்திருப்பாங்க," என்று கடிந்துகொண்டார். தடை உத்தரவு கிடைத்தது.

படியிறங்கும்போது பார்பரா அவள் தோளை அணைத்தாள். ரோனா விலகினாள்.

"அவன் பயந்தப்போ எனக்குப் பிடிச்சிருந்தது மேடம். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா இடிச்சிருப்பேன்."

கில்பர்ட் அதன்பின் அவள் பக்கம் வரவேயில்லை. ரோனா அந்த வாரமே காரை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, ஆலைக்குப் பேருந்தில் போக ஆரம்பித்தாள். ஓட்டுநருக்குப் பின்னால் உட்காருவாள், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி தெரியாத இடமாகப் பார்த்து.