உறவினர், ஆண்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை ‘அகராதி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அகராதி தயாரிக்கிற இடத்தில் வேலை பார்ப்பதால் வந்த பெயர் என்று புதிதாகச் சேருகிறவர்கள் நினைப்பார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. வாய்க்கு வாய் எதிர்த்துப் பேசுகிறாள், அகராதி பிடித்த பெண் என்று பள்ளிக்கூடத்திலேயே டீச்சர் வைத்த பெயர் அது. வேலை பிற்பாடுதான் கிடைத்தது. பெயருக்கேற்ற உத்தியோகம் அமைகிற கொடுப்பினை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அங்கே தயாராகிக்கொண்டிருந்தது சாதாரண அகராதி இல்லை. ஆங்கிலச் சொற்கள் எங்கே பிறந்தன, வழியில் எப்படியெல்லாம் குணம் மாறின என்று தமிழில் சொல்லும் புத்தகம். தலைப்பு தலைப்பாகப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டுச் சொற்கள் பக்கத்து மேசைக்காரருக்குப் போயின. மனுஷன் மூன்று மாதத்தில் மூன்று கிலோ ஏறிவிட்டார். அவளுக்கு வாய்த்தது முகவாட்டம். உம்மணாமூஞ்சிகளுக்காக ஆங்கிலேயன் சேர்த்து வைத்த சொற்கள் அத்தனையும் அவள் தலையில் விழுந்தன.

முதல் வாரம் முணுமுணுத்தாள். இரண்டாவது வாரம் அவற்றின்மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. ‘டிரியரி’ என்று இன்றைக்குச் சலிப்பூட்டும் கட்டுரையைச் சொல்கிறார்களே, ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அதற்கு ரத்தம் சொட்டுகிற என்று அர்த்தம். போர்க்களத்தில் கிடந்த சொல் கடைசியில் கட்டுரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ‘மூடி’ என்றால் இன்றைக்குச் சிடுமூஞ்சி. அன்றைக்கு அது வீரன். இன்றைக்கு இருண்டு சோர்ந்து கிடப்பதைச் சொல்லும் ‘டிஸ்மல்’ முதலில் குணமே இல்லை, நாட்களின் பெயர். மாதத்துக்கு இரண்டு கெட்ட நாள் உண்டு, அன்றைக்கு எதையும் தொடங்காதே என்று பழைய நாள்காட்டிகளில் குறித்து வைத்திருந்தார்கள். மனச்சோர்வைச் சொல்லும் ‘மெலங்கலி’ கிரேக்கர்களின் கரும்பித்தம். நம்மாட்கள் பித்தம் தலைக்கேறிவிட்டது என்கிறார்கள், அவர்கள் பித்தம் கறுத்துவிட்டது என்றிருக்கிறார்கள். எங்கே போனாலும் பாவம் பித்தத்தின் மேல்தான் பழி.

அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தமிழ் எடுத்துக்காட்டு வேண்டும். அது மேசையில் உட்கார்ந்து ஜோடித்த வாக்கியமாக இருக்கக் கூடாது. யாராவது ஒருவர் உண்மையிலேயே வாயால் சொன்னதாக இருக்க வேண்டும். சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்று கூடவே பதிய வேண்டும். விதியைப் போட்டவர் தலைமைப் பதிப்பாசிரியர். எந்த விவாதத்தையும் ஒரே வரியில் முடித்துவிடுவதால் அந்த அம்மாவுக்கு முதுகுக்குப் பின்னால் ‘முற்றுப்புள்ளி’ என்று பெயர்.

வாக்கியத்துக்கு எங்கே போவது? சோகமாக இருக்கிறவர்களைத் தேடிப்பிடித்து, ‘ஒரு வரி சொல்லுங்கள்’ என்று கேட்க முடியுமா? அதிர்ஷ்டம் வீட்டுக்கே வந்தது. அவளுடைய தம்பி.

தம்பி கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கண் சோதித்து, லென்ஸ் தேய்த்து, சட்டத்தில் பொருத்திக் கொடுப்பான். மனைவி பிரிந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. அதனால்தான் அவன் இப்படி ஆகிவிட்டான் என்று சொந்தபந்தமெல்லாம் ஒரே குரலில் சொன்னது. அவன், ‘அது இல்ல, அதுக்கு முன்னாடியிருந்தே’ என்றான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரணம் ஒன்று கைவசம் இருக்கும்போது இன்னொன்றை யார் தேடுவார்கள்? கடையை அடைத்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்கு வருவான். தட்டைப் பார்த்தபடியே ஏதாவது ஒன்று சொல்வான்.

‘சாப்பிடாமலே வயிறு நெறஞ்ச மாதிரி இருக்குக்கா’ என்று ஒரு நாள் சொன்னான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரக்கத்தால் இல்லை, சந்தோஷத்தால். ‘சேட்’ என்ற சொல் இருக்கிறதே, இன்றைக்குத் துயரம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சொல், அதன் முதல் அர்த்தமே வயிறு நிறைந்தவன் என்பதுதான். நிறைந்தது கனத்தது, கனத்தது இறுகியது, இறுகியது கடைசியில் துக்கமாயிற்று. ஆயிரம் வருடத்துக் கதையைத் தம்பி ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

“டேய், இன்னொரு தடவை சொல்லு. வார்த்தைய மாத்தாம சொல்லு.”

அவன் சிரித்தான். சிரித்துவிட்டு மறுபடி சொன்னான். அவள் கை கழுவாமலே போய்ப் பதிந்துகொண்டாள். சொன்னவர் என்ற இடத்தில் ‘உறவினர், ஆண்’ என்று போட்டாள்.

அதற்குப்பிறகு அது வழக்கமாகிவிட்டது. “கடையில இருக்கிற எல்லா லைட்டையும் போட்டாலும் பத்தல” என்றான். அது, மங்கலான வெளிச்சத்துக்கும் மங்கிய மனசுக்கும் பொதுவான ‘குளூமி’க்குப் போனது. “நாளைக்கும் இதே நாள்தான் வரும்னு தெரிஞ்சே எழுந்திரிக்கிறேன்” என்றான். ‘டிரியரி’க்கு எடுப்பாக இருந்தது. “அழுகை வரல. ஆனா அழுது முடிச்சவன் மாதிரி களைப்பா இருக்கு” என்றபோது அவள் பந்தியை விட்டே எழுந்துவிட்டாள்.

“உங்கக்கா முன்னாடி வாயைத் தொறக்காதேடா, அச்சுல ஏத்திடுவா” என்று அவள் வீட்டுக்காரர் கேலி செய்தார். தம்பியும் சேர்ந்து சிரித்தான். மூன்று பேரும் நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவன் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். வருவான், சாப்பிடுவான், கிளம்புவான். “என்னடா, இன்னிக்கு ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டால் தலையாட்டுவான். அவளுக்கு உள்ளூர எரிச்சல். அத்தியாயம் முடிகிற நேரம். ‘சல்லன்’ என்ற ஒரே ஒரு சொல் பாக்கி. ஒரு காலத்தில் தனியாள் என்று பொருள்பட்டு, இன்றைக்கு யாரோடும் ஒட்டாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவன் என்று ஆகிவிட்ட சொல். அதற்கு ஒரு வரி தந்துவிட்டு ஊமையாகியிருக்கக் கூடாதா இந்தப் பயல்? வீட்டுக்காரரிடம் அப்படியே சொல்லிப் புலம்பினாள். ஒரு வாரம் அவன் வரவே இல்லை. கடையில் வேலை அதிகம் என்று செய்தி அனுப்பியிருந்தான். சரி என்று விட்டுவிட்டாள்.

முற்றுப்புள்ளி அவளை அறைக்குக் கூப்பிட்டது மறுவாரம். மேசையில், ‘சல்லன்’ மட்டும் பாக்கியாக, அவளுடைய அத்தியாயம் கிடந்தது.

“கட்டுரையெல்லாம் பிரமாதம்” என்றார் அந்த அம்மா. அவர் வாயால் பிரமாதம் என்று கேட்டவர்கள் அலுவலகத்திலேயே இரண்டு பேர்தான். “ஆனா எடுத்துக்காட்டுல ஒரு சிக்கல். ஒரு தலைப்புல ஒரே ஆளோட வாக்கியம் மூணுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா? இங்க எல்லாமே ‘உறவினர், ஆண்’.”

“வேற யாரும் இவ்வளவு நல்லா சொல்லலையே மேடம். எது உயிரோட இருக்கோ அதைத்தானே எடுக்கணும்?”

“அதைத்தான் சரிபார்த்தேன். அடிக்கடி சொல்ற வழக்கமான வரிகளான்னு பார்க்க, தேதி வாரியா அடுக்கினேன். கேளு.”

அந்த அம்மா வாசித்தார். உணர்ச்சியெல்லாம் காட்டவில்லை; பிழை திருத்துகிறவர் வாசிப்பது போலத்தான் வாசித்தார். அவள் அத்தியாயத்தில் ஆங்கிலச் சொற்களின் வரிசையில் சிதறிக் கிடந்தவை, சொன்ன நாள் வரிசையில் வந்தன. சாப்பிடாமலே நிறைந்த வயிறு. பத்தாத வெளிச்சம். திரும்பத் திரும்ப வரும் அதே நாள். திரும்பத் திரும்ப வரும் அதே நாள். யாராவது சிரித்தால் எரிச்சல், அவர்கள் போனபின் தன்மேலேயே எரிச்சல். “ஊருக்கெல்லாம் கண்ணைச் சரிபண்றேன், எனக்கு எல்லாம் ஒரே நெறமாத் தெரியுது.” கடைசியாக, “யாராவது என்னைத் தேடி வந்தா கடை பூட்டியிருக்குன்னு சொல்லிடுக்கா, நான் உள்ள இருந்தாலும்.”

அதற்குப்பின் தேதியும் இல்லை, வாக்கியமும் இல்லை.

“யாரு இது?”

“என் தம்பி.”

“இப்போ எப்படி இருக்காரு?”

நல்லா இருக்கான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். எதிர்வாதத்துக்கென்றே பிறந்தவள், அதை விட்டுவிட்டு, கடைசித் தேதிக்குப் பிறகு எத்தனை நாள் ஆயிற்று என்று விரல்விட்டு எண்ணினாள். அவன் பேசுவதை நிறுத்தியபோது அவள் கவலைப்பட்டாள்தான். அவனுக்காக இல்லை, ஒரு சொல்லுக்காக.

“கெளம்பு” என்றார் முற்றுப்புள்ளி. “அத்தியாயம் எங்கேயும் ஓடிடாது.”

கடைத் தெருவில் எல்லாக் கடைகளும் திறந்திருந்தன. தம்பியின் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். சுவர் நிறைய வெறும் சட்டங்கள், அலமாரியில் தூசி. முடித்து வைத்த கண்ணாடிகள் உறைக்குள் கிடந்தன. வாங்க வந்தவர்கள் திரும்பிப் போயிருக்க வேண்டும். கண் சோதிக்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் அவனே உட்கார்ந்திருந்தான். எதிரே எழுத்துப் பலகை. முகத்தில் பல நாள் தாடி.

“என்னக்கா, ஆபீஸ் இல்லையா?” என்றான், எழாமலே.

அவள் வாடிக்கையாளர் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் கைகொடுக்கவில்லை.

“என்னை மன்னிச்சிடுடா” என்றாள். “நீ சொன்னதையெல்லாம் கேட்டுட்டு, எழுதி வச்சுட்டு, உன்னை ஒரு வார்த்தை கேக்கல பாரு. நானெல்லாம் ஒரு அக்கா.”

“அட விடுக்கா. நீ எழுதிக்கிறேன்னு தெரிஞ்சுதானே சொன்னேன்.”

“தெரிஞ்சா?”

“பின்ன? சும்மா, மனசு சரியில்லக்கான்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ‘ம்’னுட்டு கொழம்பை ஊத்துவே. ஒரு நாள் வயித்தைப் பத்தி என்னவோ வாயில வந்தது, நீ அப்படியே நிமிர்ந்து பார்த்தே. இன்னொரு தடவை சொல்லுன்னே.” அவன் சட்டையின் கீழ்ப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். “அப்புறம் கடையில ஒக்காந்து நாள் பூரா யோசிப்பேன், ராத்திரிக்கு என்ன சொல்லலாம்னு. நல்லாச் சொன்னா நீ கேப்பேன்னு.”

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, ‘கண்ணாடி ரெடியா?’ என்று கேட்டுவிட்டுப் பதில் வராமல் போனார்கள்.

“அப்புறம் ஏண்டா நிறுத்திட்டே?”

அவன் பொத்தானை விட்டுவிட்டு எழுத்துப் பலகையைப் பார்த்தான்.

“அழகா வரலக்கா” என்றான். “எவ்வளவோ முயற்சி பண்ணேன். அழகா எதுவுமே வரல. அழகா இல்லாததை உங்கிட்ட எப்படிச் சொல்றது?”

அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை. பெரிய குரலில், கடைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள். அவன் பயந்துபோய் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, ‘அய்யோ, என்னக்கா, அழாதேக்கா’ என்று அவள் முதுகைத் தடவினான். அழ வேண்டியவன் ஆறுதல் சொல்கிறான் என்று தெரிந்ததும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“மொதல்ல சட்டைய மாத்து. டாக்டர்கிட்ட போறோம். நானும் கூட வர்றேன்.”

வர மாட்டேன் என்பான் என்று எதிர்பார்த்தாள். சண்டைக்கும் தயாராகத்தான் இருந்தாள். அவன், “உள்ள வரைக்கும் வருவியா?” என்று மட்டும் கேட்டான்.

டாக்டர் வயதில் சின்னவர். மேசையில் காகிதங்களை ஒதுக்கிவிட்டு, ‘சொல்லுங்க, என்ன பண்ணுது?’ என்றார். தம்பி அக்காவைப் பார்த்தான். அவளுக்குத் தெரிந்த சொற்களுக்குப் பஞ்சமா? ஒரு அத்தியாயமே எழுதியவள். வாயை இறுக மூடிக்கொண்டு அவன் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். டாக்டரும் அவசரப்படுத்தவில்லை.

“தூக்கம்… வர்றதில்ல. வந்தா எழுந்திரிக்க…” என்று தொடங்கி நிறுத்தினான். “கடை… அது ஒண்ணும் இல்ல, ஆனா… எனக்குச் சொல்லத் தெரியல டாக்டர்.”

“தெரிஞ்ச மாதிரி சொல்லுங்க.”

அவன் தரையைப் பார்த்தான்.

“செத்துப் போயிடலாம்னு தோணுது. தெனமும்.”

அவளிடம் அவன் எத்தனையோ சொல்லியிருக்கிறான். இதை ஒரு நாளும் சொன்னதில்லை. டாக்டர் நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ‘எப்போலேர்ந்து?’ என்று கேட்டார்.