அரைச் சக்கரம் முன்னால்

பந்தயத்தன்று காலையில் என் வீட்டுக்காரர் முதலில் காற்றடித்தது சின்னவளின் சைக்கிளுக்கு. நான் சமையலறையில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் சுவரில் இரண்டு சைக்கிள்களும் சாய்ந்து நின்றன. கதவைத் திறந்ததும் கைக்கு எட்டுவது என்னுடையது. அதைத் தாண்டிப் போய், அவளுடைய சைக்கிளுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, மனுஷன் டயரை விரலால் அமுக்குகிறார், சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்கிறார், பிரேக் கம்பியை இழுத்துப் பார்க்கிறார். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை. எதையும் ஒரு தடவை பார்த்தால் அவருக்குத் திருப்தி வராது.

"ஏங்க, அங்க என்னோடதும் ஒண்ணு நிக்குது."

"உன்னோடதுக்கு என்ன, பழகின வண்டி. அவளுக்கு இதுதான் முதல் பந்தயம். பயந்துட்டு இருப்பா."

பயந்துகொண்டு இருப்பாளாம்! மாடியிலிருந்து அவள் பாட்டு முணுமுணுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தவள் நான். இந்த மனுஷனுக்குப் பக்கத்தில்தான் புரண்டேன். அது தெரியவில்லை.

சின்னவ என் கொழுந்தனின் மனைவி. மாடியில் அவர்கள், கீழே நாங்கள், அத்தை மட்டும் காலையில் கீழேயும் சாயங்காலம் மேலேயும். பெரியவ, சின்னவ என்பது அத்தை வைத்த பெயர். இப்போது சைக்கிள் கிளப்பில்கூட எங்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ஊசி குத்துகிறவள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி வந்த புதிதில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். பார்க்கப் பாவமாக இருந்தது. வா, காற்றாட வந்துவிட்டுப் போகலாம் என்று என் பழைய சைக்கிளைக் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குக் கூட்டிப்போனேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்தேன்.

அதற்கு முன் பெண்களில் முதல் ஆள் நான்தான். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு இடுப்பு போய், டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொல்லி, ஓட்ட ஓட்ட எனக்குள் ஒருத்தி இருந்திருக்கிறாள் என்று தெரிந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாத ஒருத்தி. பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்க "மெதுவா குத்தும்மா" என்று கேட்டுக் கேட்டு அலுத்தவள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்வாய்ப் பாலத்து மேட்டில் எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டு ஏறுவாள். வருஷக் கடைசிப் பந்தயத்தில் முதலில் வருகிற பெண்ணை, கிளப்புகளுக்கு நடுவே நடக்கும் பெரிய பந்தயத்துக்கு அனுப்புவார்கள். ஒரே ஒரு இடம். இதுவரை அது என் இடம். அங்கே நான் எத்தனையாவதாக வந்தேன் என்று கேட்காதீர்கள். கிளப் சட்டை போட்டுக்கொண்டு, முதுகில் எண் குத்திக்கொண்டு, யாருக்கும் மனைவியாகவோ மருமகளாகவோ இல்லாமல் போய்வருவேன். அது எனக்குப் போதும்.

சின்னவ வந்த சில மாதங்களிலேயே அந்த மேட்டைப் பேசிக்கொண்டே ஏற ஆரம்பித்தாள். நான் வாயைத் திறந்தால் மூச்சு போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பேன். அவள் பக்கத்தில் வந்து, "அக்கா, நேத்து ஒரு பையன் பரீட்சைப் பேப்பர்ல என்ன எழுதியிருந்தான் தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள். எனக்கு வயிறு எரியும். வேறு நாகரிகமான வார்த்தை எதுவும் அதற்குக் கிடையாது. அவள் சாக்ஸ் மாட்டும்போது ஆடுதசையைப் பார்ப்பேன். ஊசி குத்துகிறவள் கண் அல்லவா, நரம்பும் தசையும்தான் முதலில் படும். கடவுள் ஒரு நல்ல நாள் பார்த்து, அவசரமில்லாமல் உட்கார்ந்து செய்த கால்.

எங்கள் கிளப்பில் ஒரு மரியாதை உண்டு. இரண்டு பேர் ஜோடியாக ஓட்டினால் இரண்டு ஹேண்டில்பாரும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சிலர் எப்போதும் அரைச் சக்கரம் முன்னால் இருப்பார்கள். பக்கத்து ஆள் வேகம் கூட்டிச் சேர்ந்துகொண்டால் இவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டுவார்கள். மூக்கு மட்டும் முன்னால் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களோடு யாரும் ஜோடி சேரமாட்டார்கள். ஒரு நாள் கிளப் செயலாளர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன பெரியவ, சின்னவளைக் கண்டா உங்க சக்கரம் தானா நீளுதே?" எல்லாரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். நான் சிரித்த மாதிரி பல்லைக் காட்டினேன். அடுத்த வாரமும் அரைச் சக்கரம் முன்னால்தான் ஓட்டினேன்.

வருஷக் கடைசிப் பந்தயம் கிடங்குகளைச் சுற்றி, அந்தக் கால்வாய்ப் பாலத்தில் ஏறி இறங்கும் சாலையில். ஞாயிறன்று லாரிகள் வராது. ஆண்களும் பெண்களும் ஒரே சாலையில், ஒரே நேரத்தில். ஆண்கள் முதலில் கிளம்புவார்கள், அவர்களுக்குச் சுற்றுகளும் அதிகம். கடைசிச் சுற்று தொடங்கும்போது கோட்டுக்குப் பக்கத்தில் செயலாளர் பித்தளை மணியை ஆட்டுவார். மணி ஒன்றுதான். "யாருக்கு அடிக்கிறேன்னு பாத்து ஓட்டுங்கப்பா," என்று கிளம்புவதற்கு முன் அவர் சொன்னபோது, சின்னவ யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் கவனித்தேன். அவளிடம் திரும்பச் சொல்லவில்லை. செயலாளர் சொன்னதைக் கேட்பது அவரவர் பாடு.

பாதிப் பந்தயத்திலேயே நாங்கள் இரண்டு பேரும் மற்ற பெண்களை விட்டுவிட்டு வந்துவிட்டோம். தனியாகத் தப்பி வந்தவர்கள் மாறி மாறி முன்னால் போய் எதிர்காற்றைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் இருப்பவளுக்கு அந்த நேரம் ஓய்வு. சின்னவ தன் முறைக்கு முன்னால் வந்தால் முழுசாக இழுத்தாள். ஒளித்து வைக்கத் தெரியாத பிள்ளை. என் முறை வரும்போது நான் கொஞ்சம் குறைத்துத்தான் மிதித்தேன். இது ஏமாற்று கிடையாது, பந்தயத்தில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் அவளுடைய பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அந்தக் கால்கள் இரண்டும் என் கண்ணுக்கு நேரே ஏறி இறங்கின. வேர்வை பட்டு மினுங்கின. குறைத்து மிதித்தும்கூட எனக்குத் தொடை நடுங்கியது. அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. மேட்டில் இவள் எழுந்து நின்று மிதித்தால் நான் தொலைந்தேன் என்று தெரிந்துவிட்டது. இந்த வருஷம் இடம் போனால் அடுத்த வருஷமும் போகும். பிறகு எப்போதும் சின்னவதான். அத்தை அக்கம்பக்கத்திலெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் நான் சைக்கிளையே விற்றுவிடுவேன்.

கோட்டை நெருங்கும்போது ஆண்களில் முன்னால் வந்த கூட்டம் எங்களை உரசிக்கொண்டு தாண்டியது. அந்த நேரத்தில்தான் மணி அடித்தது.

சின்னவளின் தோள் விறைத்ததைப் பார்த்தேன். கை கியருக்குப் போனது. கடைசிச் சுற்று என்று நினைத்துவிட்டாள். எங்களுக்கு இன்னும் இரண்டு சுற்று முழுசாக இருந்தது. கணக்கு டீச்சர் கணக்கை விட்டுவிட்டாள்! இந்தச் சுற்றில் உயிரைக் கொடுத்து மிதித்து, கோட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடுவாள். பிறகு எனக்கு எதிரே யார் இருக்கிறார்கள்? வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். இதையெல்லாம் நான் நினைத்து முடித்தேனா இல்லையா தெரியாது. அதற்குள் வாய் கத்திவிட்டது.

"ஏய் சின்னவ! நமக்கில்ல! ஆம்பளைங்களுக்கு அடிச்ச மணி! நமக்கு இன்னும் ரெண்டு இருக்கு!"

அவள் திரும்பிப் பார்த்தாள். நேராக என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று மிதித்தாள்.

அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. பாலத்து மேட்டில் அவள் ஏறியதைப் பின்னாலிருந்து பார்த்தபோது எனக்குப் பொறாமை உச்சந்தலைக்கு ஏறியது. காதில் விழவில்லை போலிருக்கிறது, நம் கடமை முடிந்தது என்று இன்னொரு பக்கம் ஒரு சந்தோஷம். கத்தியாகிவிட்டது. இனி நான் ஜெயித்தால் அது சுத்தமான ஜெயம். தூரத்தில் கோட்டைத் தாண்டி அவள் இரண்டு கையையும் தூக்கியது தெரிந்தது. செயலாளர் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார். உடனே எங்களுக்கான மணியை அடித்தார். அவள் சைக்கிள் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. பக்கத்தில் நான் தாண்டிப் போனபோது அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது.

கடைசிச் சுற்றை நான் தனியாக ஓட்டினேன். என் சக்கரத்துச் சத்தம் மட்டும் கேட்டது. கோட்டைத் தாண்டும்போது கை தட்டினார்கள். கொஞ்சமாகத்தான் தட்டினார்கள்.

என்னிடம் முதலில் ஓடி வந்தது கொழுந்தன். தம்பி மாதிரி இருப்பவன், என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அண்ணி?"

"சொன்னேன்டா! தொண்டை கிழியக் கத்தினேன்."

அவன் தலையாட்டினான். சரி, சொன்னதாகவே இருக்கட்டும் என்கிற தலையாட்டல். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் துண்டை நீட்டினார்.

"நீங்களாவது சொல்லுங்க. நான் கத்தலன்னு நினைக்கிறீங்களா?"

"கத்தியிருப்ப," என்றார். "அதை விடு, முகத்தைத் துடை."

கத்தியிருப்பேனாம். பல வருஷம் கூடவே படுத்து எழுந்த மனுஷன் சொல்கிறார், 'கத்தியிருப்ப'. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அரைச் சக்கரத்தை ஊரே பார்த்திருக்கிறது. இத்தனை நாள் பொறாமைப்பட்டு ஒன்றும் செய்யாமல் இருந்ததற்கும், இன்றைக்கு ஒரே ஒரு தடவை நியாயமாக நடந்ததற்கும் யாரிடமும் சாட்சி இல்லை. ஒருத்தியைத் தவிர. அவள் காதில் கொஞ்சமாவது விழுந்திருக்காதா? என்னைத் திரும்பிப் பார்த்தாளே!

சின்னவ நாலாவதாக வந்து, கிடங்குச் சுவரை ஒட்டிய புல்லில் மல்லாந்து கிடந்தாள். கொழுந்தன் தண்ணீர் வாங்க ஓடியிருந்தான். கிட்டே போன பிறகுதான் பார்த்தேன், வலது கால் தசை இழுத்துக்கொண்டு, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கேட்க வந்ததைக் கேட்காமல் மண்டியிட்டு உட்கார்ந்தேன். ஷூவைக் கழற்றி, காலைத் தூக்கி, குதிகாலை என் தோளில் வைத்து, பாதத்தை அவள் பக்கம் வளைத்து அழுத்தினேன்.

"ஐயோ, அக்கா!"

"பொறு. இழுத்து விட்டாத்தான் போகும்."

பிறகு கேட்டேன்.

"நான் கத்தினது உன் காதுல விழலையாடி?"

அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்துச்சுக்கா."

"பின்ன?"

"நம்பல."

நான் அழுத்துவதை நிறுத்தவில்லை. கை பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. இன்னும் ஒரு சுத்து பாக்கலாமான்னுதான் இருந்தேன்," என்றாள். "நீங்க வேணாம்னு கத்தினீங்க. அப்போ இதுதான் சரியான நேரம்னு தோணிடுச்சு. அதான் கிளம்பினேன்."

கண் எரிந்தது, வேர்வைதான் இறங்கியிருக்கும்.

"இதை உன் புருஷன்கிட்ட சொல்லுவியா?"

"சொல்றேன்கா. முதல்ல வலி போகட்டும்."

அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். ஜெயித்தவர் உடனே மேடைக்கு வரவும் என்றார். திரும்பவும் கூப்பிட்டார். 'பெரியவ எங்கப்பா?' என்று யாரையோ கேட்பதும் அதிலேயே கேட்டது. நான் பாதத்தைக் கொஞ்சம் தளர்த்தினேன். உடனே அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடாதீங்கக்கா. விட்டா மறுபடி இழுக்குது."

நான் திரும்ப அழுத்தினேன். இன்னொரு கையை ஆடுதசைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். உள்ளங்கைக்குள் அது கல்லாக இறுகியிருந்தது. ஓரத்தில் ஒரு நரம்பு மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது.