பின்சீட்டை வெட்டுதல்

வாங்கப்போகும் பிக்கப் வண்டி சிங்கிள் கெப்பா, டபுள் கெப்பா என்று ஒரு மாதமாக ஸமீம் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தான். அலவத்துகொடயில் வெல்டிங் கடை வைத்திருப்பவன். பழைய லொறி இனி ஓடாது. சிங்கிள் கெப்பில் பின்தட்டு நீளம், இரும்பு நிறைய ஏற்றலாம். ஆனால் சாமான்களைப் பூட்டிவைக்க முடியாது. போன மாதம் பல்லேகலயில் சோறு தின்றுவிட்டு வருவதற்குள் லொறியிலிருந்த, இரும்பு அறுக்கும் கிரைண்டர்கள் இரண்டை எவனோ தூக்கிப் போயிருந்தான். டபுள் கெப்பில் பின்சீட்டும் அதற்குக் கதவும் உண்டு, பூட்டலாம், பின்தட்டுதான் குட்டை.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. டபுள் கெப்பை எடுத்து, பின்சீட்டைக் கழற்றி, அங்கே சாமான்களுக்கு இரும்புத் தட்டுகள் அடிப்பது. நீளக் குழாய்கள் கூரைமேல் போகட்டும். பிலிமத்தலாவையில் வெள்ளைக் கெப் ஒன்று கிடைத்தது. சனிக்கிழமை காலை அதைக் கடை வாசலில் நிறுத்தி, கடையின் வெல்டர் பழனியாண்டியிடம் ஸ்பானரை நீட்டினான்.

"பின்சீட்டக் கழத்து. ஆயிரம் கிலோ ஏத்தலாம். எல்லாம் எழுதிட்டன், கேளு. ஜெனரேட்டர் அறுவது, வெல்டிங் பிளான்ட் நாப்பது, சிலிண்டர்..."

"என்னைய எத்தன கிலோ போட்டிருக்கீங்க, நானா?" என்றான் பழனி. அண்ணன் முறையில் ஸமீமை அப்படித்தான் கூப்பிடுவான்.

அஸ்ஃபர் சிரித்தான். ஸமீமின் மனைவியின் தம்பி. வேலையிடங்களில் அளவெடுப்பதும் சிங்களத்தில் பேசி வேலை பிடிப்பதும் அவன்தான், முன்சீட்டும் அவனுக்குத்தான். "ஒன்ன நிறுக்கத் தராசு எங்கடா ஈக்குது?"

ஸமீம் பட்டியலைப் பார்த்தான். ட்ரில் பிட் பெட்டிகூட இருந்தது. பதினொரு வருடமாக இரும்புக்குமேல் உட்கார்ந்து, ஒரு காலைக் குழாய்களுக்கிடையில் செருகி, கயிற்றைப் பிடித்தபடி வருகிற பழனி இல்லை. வேண்டுமென்று விட்டதல்ல. நினைவுக்கே வரவில்லை.

"இவ்வளவு காலமும் மேலதானே வந்தாய்?" என்றான்.

"லொறியில சீட்டு ரெண்டுதான். இதுல இருக்கே. அதையும் என்கிட்டயே குடுத்துக் கழத்தச் சொல்றீங்க. பிளான்டுக்குக் கதவு, கண்ணாடி, ஏசி. எனக்குத் தார்ப்பாய்."

"பிளான்ட்ல தண்ணி பட்டாப் பழுதாப் போயிரும்டா."

"ஆமா. நா நனைஞ்சா காஞ்சிருவேன்." ஸ்பானரைத் துணியால் துடைத்தான். "பல்லேகலயில ஒரு பெக்டரியில வெல்டருக்கு ஆள் கேக்குறாங்க. காலையில வேன் வந்து ஏத்திக்கிட்டுப் போகுமாம்."

மிரட்டுகிற குரல் இல்லை. அதுதான் ஸமீமைப் பயமுறுத்தியது. பழனி போட்ட ஒட்டில் விரலை ஓட்டினால் ஒட்டு இருப்பதே தெரியாது. அஸ்ஃபர் போட்டால் கேட்டுக்குக் குஷ்டம் பிடித்த மாதிரி இருக்கும். பழனி போனால் கெப் மட்டும்தான் மிஞ்சும். அஸ்ஃபரைப் பின்னால் ஏற்றினால் வீட்டில் சோறு கிடைக்காது. சாமான்களைப் பின்தட்டில் போட்டால் களவு போகும்.

வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தான்.

"கழத்த வாணாம். வெட்டு. பாதியில நீ இரி, மத்தப் பாதியில தட்டு அடிப்பம்."

பழனி ஏறி உட்கார்ந்து, தொடையோரம் சோக்கட்டியால் கோடு இழுத்தான். இறங்கிப் பார்த்தான். கோட்டை உள்ளங்கையால் அழித்துவிட்டு, இன்னும் தள்ளி வேறு கோடு போட்டான்.

"ஏன்டா, ஒன்ட குண்டிக்கு இவ்வளவு எடமா?" என்றான் அஸ்ஃபர்.

"கூரை வேலை வந்தா இன்னொருத்தன எடுக்கத்தானே போறீங்க, நானா. அவன் எங்க உக்காருவான்?" என்று பழனி ஸமீமிடம் கேட்டான்.

மீதி இடத்தை ஸமீம் முழங்கையால் அளந்தான். பிளான்டும் கிரைண்டர்களும் அடங்கும். ஜெனரேட்டர் அடங்காது. அது பின்தட்டுக்குப் போனால் இரும்புக்கு இடம் குறையும்.

"ஜெனரேட்டரையும் தூக்கிப் போவானுகள்."

"பின்தட்டோட சேத்துச் சங்கிலி அடிச்சித் தர்றேன்."

"பெரிய வேலைக்கு ரெண்டு நடை ஓடணும்," என்றான் ஸமீம். முகத்தில் துளி சந்தோஷம் இல்லை.

"ஓடுவோம்."

பழனி கத்தியால் சீட்டின் பஞ்சைக் கிழித்து எடுத்தான். உள்ளே இரும்புச் சட்டம் தெரிந்ததும் கிரைண்டரைப் போட்டான். பொறி பறந்தது. அஸ்ஃபர் காதைப் பொத்திக்கொண்டு கடைக்குள் போனான். ஸமீம் குனிந்து, சீட்டு ஆடாமல் மறுமுனையை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.