முந்நூற்றுப் பதினேழு வாய்கள்

தேடல் பெட்டி கண்டுபிடிக்கப்பட்ட அன்றே லேபிள் என்னும் அடிமைத்தனத்திலிருந்து மனித குலம் விடுதலை பெற்றுவிட்டது. வரலாறு இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வரலாற்றுக்கு எப்போதுமே கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

நான் ஆசிரியராக இருக்கும் எங்கள் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் இது பற்றி முழுநீளத் தலையங்கமே எழுதியிருக்கிறேன். 'மெயிலுக்கு லேபிள் ஒட்டுகிறவன், மழையில் நனைந்தபடி தன் குடையில் பெயர் எழுதிக்கொண்டிருப்பவன்' என்று முடியும். என்னுடைய மெயில் கணக்கில் படிக்காதவை பதினாலாயிரத்துச் சொச்சம். லேபிள் ஒன்றுகூட இல்லை. சுத்தமான வாழ்க்கை. அந்தப் பத்திரிகையைச் சுவரிலிருந்து இறக்கி அச்சில் ஏற்ற எங்கள் துறைத்தலைவியிடம் மெயிலில் அனுமதி கேட்டு ஒரு மாதம் ஆகிறது. சிரித்து யாரும் பார்த்திராத அந்த அம்மையார் வாயே திறக்கவில்லை. கருத்துச் சுதந்திரத்தின் கழுத்தை நெரிக்கும் கைகள் குறித்து நான் ஒரு கவிதையும் எழுதி வைத்துவிட்டேன்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் ஒரு சனிக்கிழமை காலை என் அம்மா தன் போனை நீட்டினாள்.

அம்மா பல் செட் செய்கிறவள். வீட்டின் பின்னறைதான் பட்டறை. அலமாரி முழுக்க வெள்ளை அச்சுகள், ஆளில்லாமல் வாய் மட்டும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நாங்கள் சாப்பிடுவதையெல்லாம் அவை பொறாமையோடு பார்ப்பதாகச் சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அம்மாவுக்கு வரும் வேலையில் முக்கால்வாசி ஒரே பல் டாக்டரிடமிருந்து வருகிறது. அவர் மெயிலில் வாயைப் படம் பிடித்து அனுப்புவார், கீழே இரண்டு வரி எழுதுவார். நோயாளியின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் பெயர் இருக்காது. தலைப்பு என்று ஒன்று உண்டு. எல்லா மெயிலுக்கும் ஒரே தலைப்பு: 'பல்'.

ஆகவே அம்மா ஒவ்வொரு வாய்க்கும் ஒரு லேபிள் வைத்திருந்தாள். ஆறு வருடத்தில் முந்நூற்றுப் பதினேழு.

"போன வாரம் மாட்டிக்கிட்டேன்டா," என்றாள். "விசில் இருக்காரில்ல, ரேடியோவுல செய்தி வாசிப்பாரே. ரெண்டு வருஷம் முன்னாடி அவருக்கு ஒத்தைப் பல்லு கட்டினப்ப 'விசில்'னு வச்சேன். இப்ப முழு செட்டுக்கு 'விசில் முழுசு'ன்னு வச்சேன். இத்தனை லேபிள் கூட்டத்துல கை தவறிப் பழசைத் திறந்து, அதைப் பார்த்துச் செஞ்சிட்டேன். மனுஷன் போட்டுப் பார்த்து, 'ச'ன்னு ஆரம்பிச்சாலே குக்கர் மாதிரி சத்தம் வருதாம்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"திங்கக்கிழமை விசில் திரும்ப வேலைக்குப் போகணும். இன்னிக்கு நாலு மணிக்கு வண்டி வரும். 'நான் முதல்லயே எழுதி அனுப்பினதைப் பார்த்து ஒழுங்காச் செய்யுங்க, இன்னொரு தடவை என்னைக் கேட்டீங்கன்னா எல்லா வேலையையும் பெரிய பல் லேபுக்கு மாத்திடுவேன்'னுட்டார் டாக்டர்." அம்மா கையிலிருந்த அச்சு மாவைத் துடைத்துக்கொண்டாள். "தேவையில்லாத லேபிளை எல்லாம் எடுத்து விடு. தேவையில்லாததை மட்டும். புரியுதா ஆசிரியரே?"

புரிந்தது. கோட்பாட்டின்படி எல்லாமே தேவையில்லாததுதான்.

'கோபக்காரர் மேல் வரிசை', 'நகம் கடி', 'பாதி சிரிப்பு', 'பாதி சிரிப்பு தம்பி', 'மூணாந்தடவை', 'மூணாந்தடவை மறுபடியும்'. படிக்கப் படிக்க எனக்குக் கண்ணைக் கட்டியது. லேபிளை நீக்கினால் மெயில் போகாது, ஒட்டிய பெயர் மட்டும்தான் போகும் என்பது எனக்குத் தெரியும். அரைமணி நேரத்தில் ஒன்று விடாமல் துடைத்தேன். போன், முடிவெட்டிக்கொண்டு வந்த பையன் போல் பளிச்சென்று இருந்தது.

"முடிஞ்சுதா?" பட்டறையிலிருந்து குரல். "அந்த 'விசில் முழுசை'த் திற."

"அதெல்லாம் வேண்டாம்மா. இனிமே தேடினாப் போதும்."

தேடல் பெட்டியில் 'விசில்' என்று அடித்தேன். ஒன்றுமில்லை. டாக்டர் தன் நோயாளியை விசில் என்று எழுதுவாரா என்ன? 'ரேடியோ' அடித்தேன். ஒன்றுமில்லை. 'பல்' என்று அடித்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.

அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். திரையை இரண்டு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"எல்லாத்தையுமா எடுத்த?"

"எந்த மெயிலும் போகலம்மா. அப்படியே இருக்கு."

"அப்படியேதான் இருக்கு. மூட்டையப் பிரிச்சுக் கொட்டிட்டு அரிசி எங்கயும் போகலைங்கற."

நீக்கிய லேபிளைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறதா என்று தேடினேன். தேடல் பெட்டியில்தான். வழி இல்லை என்று அது உடனே கண்டுபிடித்துத் தந்தது.

"அந்த மெயில் எப்ப வந்துச்சும்மா?"

"அவருக்குப் பல்லு பிடுங்கறதுக்கு முன்னாடி."

"எப்பப் பிடுங்கினாங்க?"

"அதை அவர்கிட்ட கேளு. வலிச்சது அவருக்கு."

முன்னறையிலிருந்து அப்பா சொன்னார்: "டேய், உங்கம்மாவுக்குத் தேதியும் நிக்காது, பேரும் நிக்காது. பல்லு மட்டும்தான். பொண்ணு பார்க்கப் போனப்ப என்கிட்ட பேசின முதல் வார்த்தையே, 'கீழ் வரிசை நெருக்கமா இருக்கு'."

"இப்பவும் நெருக்கமாத்தான் இருக்கு," என்றாள் அம்மா. பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "படத்தைக் காட்டு. ஒவ்வொண்ணா."

நான் நகர்த்தினேன். என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்: ஈறு, இடைவெளி, இருட்டு. அம்மா ரயிலிலிருந்து ஊர்ப் பெயர் படிப்பது போல் சொல்லிக்கொண்டே போனாள்.

"நகம் கடி. முடிஞ்சுது, விடு. இவங்க ஸ்கூல் டீச்சர். முடிஞ்சுது. இது பாதி சிரிப்பு. முடிஞ்சுது. நில்லு, இவருக்கு அடுத்த மாசம் கீழ் செட்டு. ஒரு லேபிள் போடு."

"லேபிளா?"

"ஏன், உன் கொள்கை கோவிச்சுக்குமா?"

போட்டேன்.

ஒரு வாயிடம் மட்டும் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். "இவர் போய்ச் சேர்ந்துட்டார். தச்சர். எடுக்க மனசு வராம வச்சிருந்தேன்." கட்டைவிரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "கடைசி ரெண்டு வருஷம் கரும்பு கடிச்சார்னு அவர் பொண்ணு சொன்னா. விடு. அதான் கடிச்சாச்சே."

பதினொன்றரைக்கு என் விரலைத் தட்டிவிட்டாள்.

"இதுதான்! விசில்."

அந்தப் படத்தில் இருந்தது மற்ற எல்லாவற்றையும் போல ஒரு வாய். "எப்படிம்மா தெரியும்?"

"உன்னைக் கூட்டத்துல எப்படிக் கண்டுபிடிப்பேன்? அப்படித்தான்."

கீழே டாக்டரின் இரண்டு வரி: 'முன்பல் இரண்டுக்கும் நடுவில் முடி நுழையும் அளவு மட்டும் இடைவெளி. மேலண்ணத்தில் மெல்லிசாக இருக்கட்டும்.' பழைய மெயிலில் இடைவெளி இதைப்போல மூன்று மடங்காம். குக்கர் அந்த வழியாகத்தான் ஊதியிருக்கிறது.

பிறகு பட்டறைக்குள் யாரும் போகவில்லை. மெழுகில் நின்ற முன்பற்களை அவள் இளக்கி நகர்த்துவதும், தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி நடுவில் விட்டு இழுத்துப் பார்ப்பதும் கதவிடுக்கில் தெரிந்தது. பல் வரிசை சரியானதும் என்னை உள்ளே கூப்பிட்டாள்; நான் மிச்ச வாய்களை அவள் முன்னால் ஏந்தி நகர்த்தினேன். அவள் நிமிராமல், 'முடிஞ்சுது', 'போடு' என்றாள். நாலு மணிக்கு வண்டி வந்தபோது பல் செட் தயார். லேபிள்கள் பதினொன்று.

திங்கள் காலை ஏழரைக்கு மூன்று பேரும் ரேடியோ முன்னால் உட்கார்ந்தோம். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வந்தவர், எங்களைச் சோதிக்கவே எழுதியது போல் வானிலையில் ஆரம்பித்தார்: சில இடங்களில் சற்றே லேசான சாரல் எதிர்பார்க்கப்படுகிறது.

சத்தமே இல்லை. சுத்தமான சாரல்.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லுடா," என்றாள் அம்மா, ரேடியோவைப் பார்த்து.

எட்டு மணிக்கு டாக்டரிடமிருந்து மெயில் வந்தது. தலைப்பு 'பல்'. உள்ளே புதிய வாய்கள் மூன்று. அம்மா முதல் படத்தைப் பார்த்து, "அட, சிரிச்சே பழக்கமில்ல போல இந்த வாய்க்கு," என்று சொல்லிக்கொண்டே பட்டறைக்குள் போனாள்.

எனக்கு எங்கள் துறைத்தலைவி ஞாபகம் வந்தார். மாடிப்படியில் உட்கார்ந்து என் மெயிலைத் திறந்தேன். தேடவில்லை, ஒவ்வொன்றாக நகர்த்தினேன். கைக்கடிகாரத் தள்ளுபடிக்கும் காலணித் தள்ளுபடிக்கும் நடுவில் அவருடைய மெயில் இருந்தது, மூன்று வாரத்துக்கு முந்தையது. 'அச்சிட அனுமதி தருகிறேன். லேபிள் பற்றிய தலையங்கம் படித்தேன். இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். பதில் எழுதவும்.' அதற்கு மேல் இரண்டு நினைவூட்டல்கள்.

கவிதையைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பதில் எழுதினேன், மன்னிப்போடு. பிறகு பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, அந்த மூன்று மெயிலையும் தேர்ந்தெடுத்து, 'புதிய லேபிள்' என்ற இடத்தைத் தொட்டு, அடித்தேன்: 'வாய்விட்டுச் சிரிப்பவர்'.