லுவோ பெய்சோங் என்று ஒருவர், அல்லது இருவர்

1

இந்தக் கதை ஒரு வசவிலிருந்து பிறந்தது. வசவு விழுந்தது என்மேல் அல்ல, என் வீட்டுக்குக் கீழே அரிசி நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் யுன்ஹோங்மேல். சீனப் புத்தாண்டு விடுமுறையில் ஒரு மத்தியானம் கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டே படியேறி வந்தாள்.

"பாருங்க இதை! என்னைத் தண்ணிப்படைங்கிறான்! காசு வாங்கிட்டு எழுதுறேனாம்! அவன் முகரைக்கு நூடுல்ஸ் வேற கேடு!"

"அவன் உங்க கடைக்கு வந்தவனா?"

"வந்தா தெரியும் சேதி. மிளகாயெண்ணெயிலயே முக்கி எடுத்துடுவேன்."

காசு வாங்கிக்கொண்டு இணையத்தில் ஒரு படத்தைப் புகழ்கிறவர்களுக்கு இங்கே தண்ணீர்ப்படை என்று பெயர். காசு வாங்காமல், மனசு நிறைந்து, பார்த்தவரையெல்லாம் பிடித்து வைத்துப் புகழ்கிறவர்கள் குழாய்த் தண்ணீர். அது தானாக வரும். (குழாயில் தண்ணீர் தானாக வரும் என்பதைத் தமிழ் வாசகர் நம்புவாரா என்று எனக்குக் கவலைதான். நான் இருக்கும் இந்தச் சீன நகரம் மியான்யாங்கில் வருகிறது. நம்பிவிட்டு மேலே படியுங்கள்.)

படம் 'கடலேறிய கோட்டை', இரண்டாம் பாகம், முழுக்கக் கணினியில் செய்த அனிமேஷன். முதல் பாகத்தில் கொட்டாவி விட்டவர்கள்கூட இதற்கு இடம் கிடைக்காமல் முன்வரிசையில் கழுத்தை அண்ணாந்து உட்கார்ந்து பார்த்தார்கள். யுன்ஹோங் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் ஒன்றையே எழுதினாள்: கடல் எழுந்து நிற்கும் இடத்தில் நான் அழுதேன், அந்தக் கடலுக்காகவே மறுபடியும் போவேன். கதாநாயகன் பற்றி ஒரு சொல் இல்லை, அரக்கன் பற்றி ஒரு சொல் இல்லை. தண்ணீரைப் பற்றி மட்டும் இப்படி உருகுகிறவள் தண்ணீர்ப்படை இல்லாமல் வேறென்ன என்று எவனோ கேட்டுவிட்டான்.

அவள் படையும் இல்லை, குழாயும் இல்லை. அந்தக் கடலுக்கு அசைவு கொடுத்தவன் அவள் தம்பி, லுவோ பெய்சோங்.

2

எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இப்படி: "பெய்சோங் ஊர் திரும்பிய அன்று மழை—"

மழை பெய்யவில்லை. தண்ணீரோடு மல்லுக்கட்டியவன் திரும்பும்போது மழையைப் பெய்ய வைப்பது மலிவான தந்திரம். நிறுத்திவிட்டேன், ஆனால் அழிக்கவில்லை. நான் எதற்கு ஆசைப்பட்டேன் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

இரண்டாவது: "வெற்றி என்பது அதைச் செய்தவர்களுக்கெல்லாம் சமமாக—"

இது கட்டுரை. படித்துப் பார்த்தபோது எனக்கே தூக்கம் வந்தது.

மூன்றாவது தொடக்கத்தில்தான் ஆள் வந்தான். இலையுதிர்காலத்தில் ஒருநாள் காலை, கடையில் கூட்டம் நெரியும் நேரம், மணிக்கட்டில் கட்டோடும் ஒரு பையோடும் பெய்சோங் வாசலில் நின்றான். எலும்பும் தோலுமாக இருந்தான்.

"படம் முடிஞ்சிருச்சாடா?" என்று கேட்டாள் அக்கா.

"முடிஞ்ச மாதிரிதான்."

அப்படியே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வெங்காயத்தாள் நறுக்க உட்கார்ந்துவிட்டான். படம் முடியவில்லை, அவன்தான் முடிந்து போயிருந்தான். செங்டு நகரத்தில் அந்தப் படத்தைச் செய்த நிறுவனத்தில் வருஷக்கணக்காக ஒரே கடலைத் திரும்பத் திரும்ப எழுப்பியும் படுக்க வைத்தும் தூக்கம் கெட்டு, கை மரத்துப்போய், கடைசியில் ஒருநாள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து தேம்பியிருக்கிறான். யாரும் அவனைத் துரத்தவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். முடியும் வரை இருந்தவர்களுக்குத்தான் படத்தின் கடைசியில் பெயர் என்பது அந்த இடத்து வழக்கம்.

இதை அக்காவிடம் அவன் சொன்னது புத்தாண்டுக்கு முதல் நாள்தான். கடைக்குப் பின்னால் கொடியிலிருந்து உப்புக்கறியை இறக்கிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"கடைசியில என் பேரு வராதுக்கா. உக்காந்து தேடாதே."

அவன் மட்டும் படம் பார்க்கவில்லை. ஊரே இரண்டாம் தடவை போய்க்கொண்டிருந்தது. வேறு படமென்றால் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்து வந்துவிடலாம், விளக்குமாற்றோடு துப்புரவுக்காரர் ஏற்கெனவே நிற்பார். இதில் பெயர்களுக்கெல்லாம் பின்னால் ஒரு குட்டிக் காட்சி இருக்கிறது. அதற்காக ஒருவரும் எழுந்திருப்பதில்லை. தன் பெயர் இல்லாத அவ்வளவு பெயரையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால்தான் பெய்சோங் கடையை விட்டு நகரவில்லை.

யுன்ஹோங்குக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தம்பி அந்தக் கடலைப் பெரிய திரையில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இந்தக் கதைக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

3

இனி ஃபூ அக்கா. யுன்ஹோங்கோடு மாஜோங் என்ற காயாட்டம் ஆடுகிறவள். இவளை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல்.

யுன்ஹோங், ஃபூ அக்கா, முடிதிருத்தும் பாங் மூவரும் சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி படம் பார்த்தார்கள். பெயர்கள் ஓடத் தொடங்கின. யுன்ஹோங் தலையைக் குனிந்துகொண்டாள். திடீரென்று ஃபூ அக்கா எழுந்து நின்று கூவினாள்.

"அதோ! லுவோ பெய்சோங்! நம்ம பெய்சோங்!"

முன்பின் தெரியாதவர்களெல்லாம் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். யுன்ஹோங் நிமிர்ந்தாள். பெயர் மேலே போய் மறைவதற்குள் பார்த்துவிட்டாள்.

லுவோதான். ஆனால் இவர்கள் குடும்பத்து லுவோ இல்லை. சீன எழுத்து ஒவ்வொன்றும் குட்டிக் குட்டி உருவங்களால் ஆனது; இவர்கள் குடும்பப் பெயரின் எழுத்தில் தலைமேல் ஒரு வலை இருக்கும். திரையில் இருந்த எழுத்தின் பக்கத்தில் ஒரு குதிரை இருந்தது. ஒலி ஒன்று, எழுத்து வேறு, ஆள் வேறு.

(முதல் வரைவில் ஃபூ அக்கா எல்லாம் தெரிந்தே கத்தினாள். நல்ல மனசுக்காரப் பொய். எழுதி முடித்ததும் எனக்கு அவள்மேல் நம்பிக்கை போய்விட்டது. மாஜோங்கில் கையிலிருக்கும் காயை ஒளிக்கவே தெரியாதவள் இவ்வளவு நாசூக்காகவா பொய் சொல்வாள்? ஆகவே இந்த வரைவில் அவளுக்குப் பழைய கண்ணாடி. உண்மையாகவே தப்பாகப் படித்தாள், உண்மையாகவே மகிழ்ந்தாள்.)

யுன்ஹோங் திருத்தவில்லை. எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள். அவளுக்கு அழுகை வந்தது. அதைப் பெருமிதம் என்று பாங் எடுத்துக்கொண்டார்.

4

மூவரும் நேராகக் கடைக்கு வந்தார்கள். வழியில் பாங் ஒரு சாராய பாட்டில் வாங்கினார்.

"டேய் பெய்சோங்! உன் பேரை இத்தனை பெரிசாப் போட்டிருக்கான்டா!" ஃபூ அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அந்த அளவில் போட்டால் திரையில் இரண்டு பேர்தான் அடங்குவார்கள்.

பெய்சோங்கின் கத்தி நின்றது. அக்காவைப் பார்த்தான். அக்கா அடுப்பைப் பார்த்தாள்.

"எந்த லுவோ?" என்று மெதுவாகக் கேட்டான்.

"எத்தனை லுவோடா வச்சிருக்கே? பேரு வந்ததும் தலையில கொம்பு முளைச்சிருச்சா?"

மற்ற இருவரும் முன்மேஜைக்குப் போனதும் யுன்ஹோங் அவன் பக்கத்தில் வந்து, கிண்ணம் எடுப்பதுபோலக் குனிந்து முணுமுணுத்தாள்.

"குதிரை லுவோ."

இந்த இடத்தில் அவன் முகம் சுண்டிப்போகும் என்று எழுதி வைத்திருந்தேன். அவன் சிரித்துவிட்டான். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. கண்ணில் நீர் வர, பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அந்தக் குதிரையா! எங்க ஆபீஸ்ல பக்கத்து அறைக்காரன்க்கா. சாப்பாடு கொண்டு வர்றவன் பேரைக் கூப்பிட்டா ரெண்டு பேரும் எழுந்து ஓடுவோம். என் மாட்டுக்கறிச் சோத்தை எத்தனை தடவை தின்னிருக்கான் தெரியுமா?"

"இப்ப உன் பேரையும் தின்னுட்டானே, பாவி."

"அப்படிச் சொல்லாதே. அரக்கனோட தாடி அவன் வேலை. ஒவ்வொரு மயிரா அசைச்சான்." வெங்காயத்தாளை மறுபடி நறுக்கத் தொடங்கினான். "கடைசி வரைக்கும் இருந்தான்க்கா. நான்தான் இருக்கல."

யுன்ஹோங் அவன் முதுகில் கையை வைத்தாள். அவளுக்குச் சொல்ல ஏதாவது கொடுக்கலாமென்று பார்த்தேன், வரவில்லை.

அடுப்படியிலிருந்து வெளியே வந்து அவன் சாராயக் கிண்ணத்தை உயர்த்தினான்.

"லுவோ பெய்சோங்குக்காக!"

"பாருங்களேன், தன்னைத்தானே வாழ்த்திக்கிறான்!" என்று ஃபூ அக்கா அவன் தோளில் அறைந்தாள். எல்லோரும் குடித்தார்கள்.

குடித்த சூட்டில் அவள் அறிவித்தாள்: நாளைக்கு இவனையும் இழுத்துக்கொண்டு மறுபடியும் போகிறோம், மகள் வாங்கித் தந்த புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பெயரைப் படம் பிடிக்கிறோம்.

"திரையைப் படம் புடிச்சா இணையத்துல உன்னை உரிச்சு உப்புத் தடவிடுவாங்க," என்றார் பாங்.

"அப்ப கத்துறேன். கத்துறதுக்குத் தடை இல்லையே?"

பெய்சோங் அக்காவின் பக்கம் சாய்ந்தான். இத்தனை நாளாகக் கேட்காததைக் கேட்டான்.

"கடல் எப்படி இருக்கு?"

"அழுதேன்டா."

"நீ எதுக்குத்தான் அழமாட்டே?"

"ஃபூ அக்காவும் அழுதாங்க."

"ஃபூ அக்காவா?" கிண்ணத்தைக் கீழே வைத்தான். "சரி. போவோம்."

5

மறுநாள் போனார்கள். கடல் வரும் இடம்வரை எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அது எழுந்து நின்றது. கொறிக்கிற சத்தமெல்லாம் அடங்கியது. பின்வரிசையில் ஒருவர் மனைவியிடம், "இந்தத் தண்ணிய எங்க போய்டீ புடிச்சாங்க?" என்று கேட்டார். பெய்சோங்கின் விரல்கள் மடியில் தாமாக அசைந்தன, அலைக்கு முன்னால் ஒரு கணம் முந்தியே. அவன் அழுதான். யுன்ஹோங் அவன் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பினால் நிறுத்திவிடுவான் என்று.

பெயர்கள் ஓடத் தொடங்கின.

ஃபூ அக்கா எழுந்து நின்றாள். அந்தப் பெயர் கீழிருந்து ஏறி வந்தது. புதுக் கண்ணாடியில் குதிரை பளிச்சென்று தெரிந்தது. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். யுன்ஹோங் தலையை அசைத்தாள். வேண்டாம் என்றா, கத்து என்றா என்று எனக்குப் புரியவில்லை. பெய்சோங் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு முடிவில் ஃபூ அக்கா பேசாமல் உட்கார்ந்துவிடுகிறாள், அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று பெய்சோங்குக்கும் தெரிந்துவிடுகிறது. படிக்க எனக்கே மனசு வரவில்லை. இன்னொன்றில் தெரிந்தே கத்துகிறாள். ஆனால் பொய் சொல்லத் தெரியாதவள் என்று சற்று முன்னால் நானே எழுதித் தொலைத்திருக்கிறேன். மூன்றாவதில் பெய்சோங் எழுந்து, "அது நான் இல்ல அக்கா—"

வேண்டாம்.

இதை இந்த ஊர் எழுத்தில் எழுதியிருந்தால் ஒவ்வொரு தடவையும் எந்த லுவோ என்று நானே காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். தமிழில் வலையும் இல்லை, குதிரையும் இல்லை. இருந்தவனையும் இருக்க முடியாமல் வந்தவனையும் நான் ஒரே மாதிரிதான் எழுத முடியும்.

பெயர் இன்னும் திரையில்தான் இருக்கிறது. ஃபூ அக்கா வாயைத் திறந்துவிட்டாள், வெறும் காற்றுதான் வருகிறது. நீங்கள் தமிழில் படிக்கிறவர், நீங்கள் கூப்பிட்டால் அது பொய்யாகாது. கூப்பிடுவதானால் இப்போதே, வாய்விட்டுக் கூப்பிடுங்கள். அவன் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

லுவோ பெய்சோங்.